பருந்தின் மீது ஒரு பொய் வழக்கு

வீட்டில் வளரும் பூனையைத் தோட்டத்துப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துப் புதிய மனைப்பிரிவுகளில் ஓர் அறிவைப் போலவே உலவுகிறது. அச்சம் அச்சமாகவே இருந்துவிட்டால் நாங்கள் இதை எழுதப் புகுந்திருக்க மாட்டோம். வேப்பங்கிளையில் வல்லூறு கூடு வைத்தால் கிளை வெட்டப்படுகிறது. பழைய வீட்டின் மச்சில் கூகை குடியேறினால் பொந்து சிமெண்டு பூசி அடைக்கப்படுகிறது. உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள்கூடக் குறைவு. காரணம் கேட்டால் "வீட்டில் பூனை இருக்கிறதே" என்று ஒரு பதில் வருகிறது. அதைச் சொல்பவர் நல்லவர், உயிர்களிடத்து அன்புள்ளவர், காலையும் மாலையும் தட்டில் பால் ஊற்றுபவர். ஆகவே அவரோடு யாரும் வாதிடுவதில்லை. நாங்கள் வாதிட விரும்புகிறோம்.

வழக்கென்று வந்துவிட்ட பிறகு முதலில் குற்றம்சாட்டப்பட்டவரின் பெயரைக் கேட்பது முறை. இங்கேயே வழக்கு தள்ளாடுகிறது. நம் நாளிதழ்களுக்கு அலகு வளைந்த அனைத்தும் கழுகு. நவீனச் சிறுகதைகளின் நிலை இன்னும் மோசம். உச்சிவெயிலில் பெயரற்ற பருந்தொன்று வட்டமிட்டால் மூன்றாம் பக்கத்தில் ஒரு சாவு நிச்சயம். சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் பறவைகளையும் விலங்குகளையும் பெயர் சொல்லித் தமிழில் எழுதி வருகிறார்கள். 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' என்ற அவருடைய நூல் 2006இல் வந்தது. நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் அதைப் படித்துவிட்டுத் தங்கள் கதையின் பருந்துக்கு ஓர் இனப்பெயரைத் தேடினார்கள்? பெயர் தெரியாத ஒன்றின் மீது எந்தப் பழியையும் சுமத்தலாம், அதுதான் நடக்கிறது.

தோட்டத்துக்கு வரும் இரைகொல்லிகளை எண்ண ஒரு கை விரல்கள் போதும். வைரி என்றும் வழங்கும் வல்லூறு, ஏரிக்கரை ஊர்களில் செம்பருந்து, இறைச்சிக் கழிவு கொட்டும் இடங்களைச் சுற்றிக் கரும்பருந்து, இரவில் கூகை, அந்தியில் தந்திக்கம்பியில் அமர்ந்து தலையை ஆட்டி ஆட்டி நம்மை முறைக்கும் புள்ளி ஆந்தை. இனி எடையைப் பார்ப்போம். வல்லூற்றின் பெண் பெரியது. அதுவே கால் கிலோவுக்குள் அடங்கும். கூகை அரைக் கிலோ. செம்பருந்து அதைவிடச் சற்றே கூடும். நம்மூர்க் கரும்பருந்து சிறகை விரித்தால் முறம்போல் தோன்றினாலும் தராசில் ஒரு கிலோவைத் தொடுவதில்லை. புள்ளி ஆந்தையோ உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்த வீட்டுப்பூனை மூன்று முதல் நான்கு கிலோ. இரைகொல்லிப் பறவை தன் எடையில் பாதியைச் சுமந்து எழும்புவதே பெரும்பாடு. அப்படியிருக்க, தன்னைப்போல் நான்கு மடங்கு கனமான, நகமும் பல்லும் கொண்ட, முதுகை வளைத்துச் சீறத் தெரிந்த ஒரு விலங்கின் மீது எந்தப் பருந்து இறங்கும்? பறவைக்குச் சிறகில் ஒரு காயம் பட்டால் பட்டினி. பட்டினி என்றால் சாவு. வீரத்தை நிலைநாட்டுவதற்காக எந்தப் பறவையும் வேட்டையாடுவதில்லை.

ஐயமுள்ளவர்கள் ஒரு நாள் காலையில் வயல்வரப்பில் நின்று கரிச்சானைக் கவனிக்கலாம். இரட்டைவால் குருவி என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். அதன் எடை ஐம்பது கிராம் அளவே. தன் கூடிருக்கும் மரத்தருகே பருந்து வந்தால் அது எழும்பிப் பருந்தின் முதுகில் கொத்திக் கொத்தி எல்லை தாண்டும் வரை விரட்டும். உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்று சொல்லிவைத்தவர்கள், ஊர்க்குருவியிடம் பருந்து படும் பாட்டையும் பார்த்திருப்பார்கள். கரிச்சானுக்கு அஞ்சி ஓடும் பறவை நம் கடுவன்பூனையைக் கவ்விக்கொண்டு விண்ணேகுமாம்.

கரும்பருந்து மனிதர் தலையில் அடிக்கிறதே என்பார்கள். அடிக்கும், உண்மை. கூட்டில் குஞ்சிருக்கும் மாதங்களில் மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போகிறவர்களின் தலைக்கு மேல் அது பாய்ந்து திரும்புவதுண்டு. பூனையையும் அப்படி விரட்டும். அது காவல். வேட்டை வேறு. காவலுக்கு வந்தவனைத் திருடன் என்று பிடித்துக் கொடுப்பது நம் ஊர் வழக்கம்தான் என்றாலும், பறவைக்கும் அதைச் செய்ய வேண்டுமா?

இடையில் ஒரு சொல் வேடிக்கை. அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி, புள்ளம்பாடி வாய்க்காலின் காவிரித் தண்ணீரால் நிறைவது. 1999இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 தொடக்கத்தில் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகளைக் காண அங்கே போகிறவர்கள், நாணலுக்கு மேல் தாழப் பறந்து திரியும் ஓர் இரைகொல்லியையும் காணலாம். அதன் தமிழ்ப்பெயர் சேற்றுப் பூனைப்பருந்து. பூனையைப் பிடிக்கும் பருந்து என்று விரித்துவிடாதீர்கள். தவளையையும் எலியையும் நீர்ப்பறவைக் குஞ்சுகளையும் தேடி அது நாணற்புதரைத் துழாவுவதைப் பார்ப்பவர்களுக்கு, பூனைதான் சிறகு முளைத்து வந்துவிட்டதோ என்று தோன்றும். பெயரை மட்டும் கேட்டவர்கள் இதையும் வழக்கில் சேர்த்துவிடுவார்களோ என்பதே எங்கள் கவலை.

எதிர்த்தரப்புக்குத் தர வேண்டியதைத் தந்துவிடுகிறோம். கண் திறந்து சில வாரங்களே ஆன பூனைக்குட்டி அரைக் கிலோவுக்கும் குறைவு. திறந்த மாடியில் தாயில்லாமல் அது தனியே கிடந்தால் கரும்பருந்து அதை எலி என்றே கருதும். எடுத்துப் போகவும் கூடும். பாறைக் குன்றுகளிலும் கைவிடப்பட்ட கல்குவாரிகளிலும் வாழும் கொம்பன் ஆந்தை ஒன்றரைக் கிலோ அளவுள்ள வலிய பறவை. இளம்பூனை அதற்கு எட்டாத இரை என்று சத்தியம் செய்ய மாட்டோம். மலைப்பாங்கான இடங்களின் ராஜாளி முயலையே அடிப்பது. ஆனால் இவ்விரண்டும் வீட்டுத் தோட்டத்துப் பறவைகள் அல்ல. கொம்பன் ஆந்தையின் உணவைப் புதுச்சேரிப் பக்கத்திலும் புனேயைச் சுற்றியும் ஆராய்ந்தவர்கள் கண்டதிலும் எலியினத்துக்கே பெரும்பங்கு.

சரி, குட்டிக்கு ஆபத்து இருக்கிறது, என்ன செய்யலாம்? நம் பாட்டிமார்கள் இதற்கு விடை கண்டு பல நூற்றாண்டுகள் ஆகின்றன. கோழிக்குஞ்சைப் பருந்து தூக்கும் என்பது கற்பனையல்ல, அன்றாடம். அதற்காக அவர்கள் ஊரிலுள்ள மரங்களை வெட்டினார்களா? பஞ்சாரத்தைக் கவிழ்த்தார்கள். பருந்தின் நிழல் முற்றத்தில் ஓடினால் திண்ணையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தார்கள். மூங்கில் பிளாச்சில் முடிந்த ஒரு கூடை போதுமாயிருந்த இடத்தில் நமக்கு மரம் அறுக்கும் எந்திரம் தேவைப்படுகிறது. குட்டிகளை இரண்டு மூன்று மாதம் கூரைக்கடியில் வைத்திருங்கள். அதற்குமேல் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

எங்களில் ஒருவர் வசிக்கும் தெருவில் ஈன்று மூன்று வாரமான இரண்டு குட்டிகள் காணாமற்போயின. எதிர் வேம்பில் வல்லூற்றின் கூடு இருந்தது. அன்று மாலையே ஏணி வந்தது. பருந்து தூக்கியதைப் பார்த்தவர் யார் என்று கேட்டோம். எவருமில்லை, "வேறு என்ன ஆகியிருக்கும்?" என்பதே சாட்சியமாக முன்வைக்கப்பட்டது. வேறு என்னவெல்லாம் ஆகியிருக்கலாம் என்று கிராமத்தில் பிறந்த எவரும் சொல்வார். ஈன்ற பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாறும் என்பது பழமொழியளவுக்குப் பழகிய செய்தி. கடுவன்பூனை பிற கடுவனின் குட்டிகளைக் கடித்துக் கொல்வதும் எல்லோரும் அறிந்ததே. தெருநாய் உண்டு, சுற்றுச்சுவர் இல்லாத கிணறு உண்டு. தடுப்பூசி போடாத குட்டிகளை வாந்தியிலும் கழிச்சலிலும் ஓரிரு நாளில் கொண்டுபோகும் பான்லுகோபீனியா என்ற நச்சுயிரி நோயும் உண்டு. செத்த குட்டியைத் தாயே எங்காவது அப்புறப்படுத்திவிடும். இத்தனை பேரை விசாரிக்காமல், ஓணானையும் அணிலையும் வெட்டுக்கிளியையும் பிடித்துத் தின்னும் இருநூறு கிராம் பறவையைத் தூக்கிலிட்டார்கள். கிளை விழுந்தது. கூட்டைக் கலைப்பதையும் முட்டையைச் சிதைப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது என்று சொன்னோம். வேட்டை என்றதும் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

இலக்கிய வாசகர்கள் இவ்விடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். சங்கப் பாடல்களில் பூனைக்கும் பறவைக்குமான உறவு எப்படி இருக்கிறது? குறுந்தொகை 107இல், காதலனோடு துயின்றிருந்தவளை எழுப்பிவிட்ட சேவலை அவள் சபிக்கிறாள்: வீட்டெலியைப் பார்த்திருக்கும் வெருகின் குட்டிக்கு நீ இரையாகிப் போ என்று. அதே தொகையின் 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், அந்தியில் வெருகுகள் வேலியருகே வர, குஞ்சுகளைக் கூவி அழைக்கும் பெட்டைக்கோழியைக் காட்டுகிறார். புறநானூறு 326இல் வெருகுக்கு அஞ்சி நடுங்கி அரற்றும் இளம்பேடை, பஞ்சு வேலைக்காக இரவில் எழுந்த பெண்ணின் சிறுவிளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அமைதியடைகிறது. வெருகு காட்டுப்பூனை, வீட்டுப்பூனை அல்ல என்று யாரேனும் திருத்தலாம். திருத்தட்டும். வேலியோரம் வந்து வீட்டெலிக்காகக் காத்திருக்கும் அது வீட்டுக்கு அப்படியொன்றும் தொலைவில் இல்லை. இரைகொல்லிப் பறவை வரும் இடங்களிலும் அதன் இரை பறவையே. குறுந்தொகை 151இல் எழால் பாய்வது வங்கா என்ற பறவையின் மீது. புறநானூறு 43இல் பருந்துக்கு அஞ்சிச் சோழர் குலத்து முன்னோனிடம் அடைக்கலம் புகுவது புறா. அந்த முன்னோன் தன் தசையைக் கொடுத்தான் என்று கதை கேட்டுச் சிலிர்க்கிறோம். பருந்தின் மீது அவன் அம்பு எய்யவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். பசித்து வந்தது பருந்தின் குற்றமாக அவனுக்குப் படவில்லை. நாம் மேற்கோள் காட்டி மகிழும் மரபு இப்படி இருக்க, பருந்து பூனையைத் தூக்கும் கதை எங்கிருந்து வந்தது? எங்கோ ஒரு நாட்டின் பெருங்கழுகைக் கைபேசிப் படத்தில் பார்த்துவிட்டு நம் வேம்பின் மீது ஏற்றியிருக்கிறோம் என்றே நினைக்கிறோம்.

உண்மையில் வேட்டைக் கணக்கைத் திறந்தால் பூனையின் பக்கம்தான் நீளம். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894ஆம் ஆண்டை ஒட்டிக் கலங்கரை விளக்கப் பணியாளர்களோடு பூனை வந்தது. பறக்கத் தெரியாத சிறு குருவி ஒன்றின் கடைசிப் புகலிடம் அந்தத் தீவு. சில ஆண்டுகளில் அவ்வினமே அற்றுப்போனது. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு உடைமையாளர் இல்லாத பூனைகளுடையது. இதைச் சொல்லிப் பூனையை ஊரைவிட்டு ஓட்டச் சொல்லும் இயற்கை ஆர்வலர்களும் இருக்கிறார்கள். அவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. தானியம் சேர்த்துவைக்கும் வீட்டில் பூனைக்கு வேலை இருக்கிறது. ஊதியமில்லாமல் அதைச் செய்கிறது. தவிட்டுக்குருவியையும் தேன்சிட்டையும் அது பிடிக்காமலிருக்க வேண்டுமானால் இரவிலும் விடியலிலும் வீட்டுக்குள் வைத்திருக்கலாம். கழுத்தில் மணி கட்டலாம். மணி கட்டிய பூனைகள் பிடிக்கும் பறவைகளின் எண்ணிக்கை குறைவதை இங்கிலாந்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கேள்விக்கு நேரடியான விடை ஒன்று உண்டென்றால் அது வளர்ப்பவர்தான்.

இனி, இந்தப் பொய் வழக்கின் இரைச்சலில் தப்பித்துக்கொண்டிருக்கும் மெய்க் குற்றவாளிக்கு வருவோம். பெரம்பலூர் மக்காச்சோளத்துக்குப் பேர்போன மாவட்டம். புரட்டாசியில் விதைத்துத் தையில் ஒடிக்கும் கதிர் களத்திலும் சாலையோரத்திலும் வீட்டு வாசலிலும் குவிகிறது. குவியலைத் தேடி எலி வருகிறது. எலிக்கு விஷம் வைக்கிறார்கள். கடையில் கட்டியாகக் கிடைக்கும் புரோமடையலோன் என்ற மருந்து இரத்தம் உறையும் ஆற்றலைக் கெடுப்பது. அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. மூன்று நான்கு நாள், சிலபோது ஒரு வாரம், உள்ளுக்குள் இரத்தம் கசிந்தபடி தள்ளாடித் திரியும். பகலிலும் வளைக்கு வெளியே வரும். ஓடாது. பூனைக்கு அதைவிட எளிய இரை உண்டா? கூகைக்கு உண்டா? பூனையானால் ஈறுகளில் இரத்தம் கசியும், மூச்சு வாங்கும், விரைந்து மருத்துவரிடம் கொண்டுபோனால் வைட்டமின் கே கொடுத்துப் பிழைக்கவைக்கவும் முடியும். கூகையை யார் கொண்டுபோவார்கள்? காலையில் களத்து மேட்டில் வெள்ளைத் துணிப்பொட்டலம் போல் கிடக்கும். அபசகுனம் என்று கழியால் தள்ளிவிடுவார்கள்.

துத்தநாக பாஸ்பைடு கலந்த பொரியும் அப்படித்தான். அது எலியைச் சில மணி நேரத்தில் கொல்லும். எலியின் வயிற்றில் செரிக்காமல் மிச்சமிருக்கும் விஷம், குடலோடு சேர்த்துத் தின்னும் பூனையையும் விட்டுவைக்காது. இரையின் வழியே நஞ்சு ஏறுவது நமக்குப் புதிதல்ல. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி பிணந்தின்னும் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, மூன்று இனங்களை இந்தியாவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் அழித்த பிறகுதான், 2006இல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்தத் தடை வந்தது. வானில் பறந்த இலட்சக்கணக்கான பறவைகள் மறைந்ததைக்கூட நாம் உடனே பார்க்கவில்லை. இருட்டில் பறக்கும் கூகை குறைவதை யார் பார்க்கப் போகிறார்கள்?

கூகை உண்பது என்ன என்பதில் மர்மமே கிடையாது. செரிக்காத எலும்பையும் மயிரையும் அது உருண்டையாகக் கக்கிவிடும். உருண்டையைப் பிரித்தால் சென்ற இரவின் உணவுப் பட்டியல் கிடைக்கும். கொள்ளிடத்துக்கு அந்தப்புறம் காவிரிப் படுகையில், மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அப்படிப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வயலெலி, சுண்டெலி, மூஞ்சூறு என்று எலும்புகள் அடுக்கடுக்காக வந்தன. இரவுக்கு ஒன்றிரண்டு எலி. குஞ்சிருக்கும் காலத்தில் அதைவிடப் பன்மடங்கு. இதை அறிந்துதான் வேளாண்துறை, வயலில் ஆந்தை அமர்வதற்கு ஆங்கில 'டி' எழுத்துப் போன்ற குச்சிகளை நடச் சொல்கிறது. வயலில் அமர ஆசனம் போட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டு மச்சில் அதன் பொந்தை அடைக்கிறோம். பூனையும் கூகையும் ஒரே எலிக்காகக் காவலிருக்கும் இரு காவலர்கள். ஒரே விஷக்கட்டியால் சாகிறவை. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கொல்வதாகச் சொல்கிறவர்கள் இரண்டையும் கொல்லும் கட்டியைப் பரணில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

பூனைமீது கொண்ட அன்பு மட்டுமே இதற்கெல்லாம் காரணம் என்று நாங்கள் நம்பவில்லை. கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேல் செம்பருந்து வட்டமிடாதா என்று கழுத்து வலிக்கக் காத்திருந்து, கருடன் வந்துவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே மனிதர், மறுநாள் அதே பறவை தன் தென்னையில் சுள்ளி சேர்த்தால் கல்லைத் தேடுகிறார். கோபுரத்தில் இருந்தால் தெய்வம், கொல்லையில் இருந்தால் திருட்டு. கூகைக்கு அந்த ஒருநாள் மரியாதைகூட இல்லை. அலறினால் சாவு, அமர்ந்தால் கேடு. பகலில் வெளிப்பட்டால் தன்னைவிடச் சிறிய பறவைகளாலும் துரத்தப்படும் அந்தப் பறவையைத்தான் சோ. தருமன் தன் நாவலின் தலைப்பாக வைத்தார். 2005இல் வந்த 'கூகை', ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை அப்பறவையின் உருவில் பேசியது. நாவலைக் கொண்டாடிக் கூட்டம் போட்டோம், கட்டுரை படித்தோம். படிமத்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்ட நம் கண்ணுக்குப் பறவை மட்டும் தெரியாமல் போயிற்று. கூகைக் கோழியார் என்று ஒரு புலவருக்கே பெயர் வழங்கிய மொழி இது.

ஆகையால் எங்கள் கோரிக்கைகள் கொஞ்சமே. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் வரை மரத்தில் கை வைக்காதீர்கள். மச்சுப்பொந்தை அடைத்தே தீர வேண்டுமென்றால் குஞ்சுகள் பறந்த பிறகு அடையுங்கள்; அடைக்காமலே விட்டால் களத்து எலிக்குக் கூலியில்லாத ஆள் கிடைக்கும். பூனைக்குட்டிக்குக் கூரை, வளர்ந்த பூனைக்கு மணி, இரண்டுக்கும் தடுப்பூசி. விஷக்கட்டிக்குப் பதிலாக எலிக்கூண்டு வையுங்கள். குதிரின் அடியைத் தகரத்தால் மூடுங்கள். விஷம் வைத்தே ஆக வேண்டுமென்றால் தினமும் காலையில் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள்.

தை அறுவடைக்கு முன்னால் கடைகளில் அந்தக் கட்டிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். எங்கள் தெருவில் கிளை இழந்த அந்த வேம்பு பக்கவாட்டில் துளிர்த்திருக்கிறது. வல்லூறு இதுவரை திரும்பவில்லை. ஏணி கொண்டுவந்தவர் வீட்டுப் பூனை மறுபடியும் சினையாக இருக்கிறது. அவரிடம் ஒரு பஞ்சாரம் கொடுத்திருக்கிறோம்.